எல்லாப் பிடியும் கட்ச் இல்லை

எங்கட பிள்ளையளுக்கு ஆரோ சின்ன வயசிலயே 'பிடி' எண்டா இங்கிலிஷில 'கட்ச்' எண்டு சொல்லிக் குடுத்து விட்டிருக்கினம், அது அப்பிடியே மண்டைக்குள்ள இறுகிப் போய் இருக்கு, பின்னேர இங்கிலிஷ் வகுப்புக்கு ஒவ்வொரு புதுக் கூட்டம் வரேக்கையும் நான் முதல் செய்யிற வேலை அதைக் கழட்டுறதுதான். குடை பிடிச்சுக் கொண்டு வந்தனான் எண்டதுக்கு 'ஐ கோட் த அம்பிரெல்லா' எண்டு எழுதுவினம். வாசிக்கிற வெள்ளைக்காரன் என்ன நினைப்பான், குடை காத்தில பறந்து போக இந்தப் பிள்ளை ஒழுங்கை முழுக்கக் கலைச்சுக் கொண்டு ஓடியிருக்கு எண்டெல்லே நினைப்பான். திருநெல்வேலியில வீடு பிடிச்சிருக்கிறம் எண்டதுக்கும் கட்ச், வான் பிடிச்சுக் கொண்டு மடுவுக்குப் போனம் எண்டதுக்கும் கட்ச், நல்லூர்த் தேருக்கு வடம் பிடிச்சதுக்கும் கட்ச், கந்தசட்டி விரதம் பிடிக்கிறதுக்கும் கட்ச், ஒருத்தன் எனக்குத் தோசை பிடிக்கும் எண்டதையே 'ஐ கட்ச் தோசை' எண்டு எழுதிப்போட்டு வலு சீரியஸா என்ர முகத்தைப் பாத்துக் கொண்டு நிண்டான்.

இதுகளில ஒண்டுக்கும் கட்ச் வராது. குடைக்கு ஹோல்ட், வீட்டுக்கு ரென்ட், வானுக்கு ஹயர், வடத்துக்கு புல், தோசைக்கு லைக், விரதத்துக்கு ஃபாஸ்ட். கறள் பிடிச்ச கேற்றுக்கு ரஸ்ட். சண்டை பிடிச்சதுக்கு ஃபைட், படம் பிடிச்சதுக்கு டேக். ஆரையும் பாத்துப் பந்தம் பிடிக்கிறதுக்கு ஃப்ளட்டர் எண்டு சொல்லலாம், ஆனா அதில எங்கட ஊர் நக்கல் வராது, அது வேற கதை.

அப்ப கட்ச் எங்கதான் வரும்? நான் பிள்ளையளிட்டக் கேக்கிறது ஒரே ஒரு கேள்விதான், 'ஆர் ஓடினது?' எண்டு. ஏதாவது ஒண்டு ஓடிக்கொண்டோ பறந்துகொண்டோ கையை விட்டுத் தப்பிப் போகப் பாத்துக்கொண்டோ இருக்கோணும், அதை மறிச்சு நிப்பாட்டினா கட்ச். சும்மா கிடக்கிற சாமானை எடுத்தா டேக், வெடுக்கெண்டு பறிச்சா க்ராப், கையில வைச்சிருந்தா ஹோல்ட். பந்து பறக்குது, கட்ச். கோழி ஓடுது, கட்ச். பஸ் வெளிக்கிடப் போகுது, கட்ச். வீடு ஓடாது, அதால இல்லை. இந்த ஒரு கேள்வியோட முக்காவாசிப் பிழையும் போயிடும், மிச்சத்துக்கு வாறன்.

இது நான் சும்மா வகுப்புக்காக இட்டுக்கட்டினது இல்லை, அந்தச் சொல்லின்ர பிறப்பே அப்பிடித்தான். லத்தீனில 'காப்பேரே' எண்டா எடு, பிடி எண்டு கருத்து, கப்சர், கப்டிவ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அதிலயிருந்து வந்த ஒரு பேச்சு வடிவம் பிரான்சுக்குப் போய் ரெண்டாப் பிரிஞ்சுது, வடக்குப் பக்கத்து ஆக்கள் அதைச் சொன்ன விதம் 1066க்குப் பிறகு நோர்மன் ஆக்களோட இங்கிலாந்துக்கு வந்து கட்ச் ஆச்சு, பாரிஸ் பக்கத்து ஆக்கள் சொன்ன விதம் பிறகு வந்து சேஸ் ஆச்சு. அதாவது கலைக்கிறதும் பிடிக்கிறதும் ஒரே சொல்லு, ரெண்டு ஊர் வழியா வந்து இறங்கியிருக்கு. மத்தியகால இங்கிலிஷில கட்ச் எண்டாலே கலைக்கிறது எண்ட கருத்தும் இருந்தது. நாங்கள் 'கலைச்சுப் பிடிச்சான்' எண்டு ரெண்டு சொல்லில சொல்லுறதை அவை ஒரு சொல்லுக்குள்ள போட்டு வைச்சிருந்திருக்கினம்.

கட்ச்போல் எண்டு ஒரு பழைய சொல்லு இருக்கு. நேர்க் கருத்து கோழி கலைக்கிறவன். ஆனா அவர் பாத்த உத்தியோகம் வரி அறவிடுறது, பிறகு கடன் கட்டாத ஆக்களைத் தேடிப் பிடிக்கிறது. லீசிங் காசு ரெண்டு மாசம் பிந்தினா எங்கட பக்கம் மோட்டச்சைக்கிளைத் தேடிக்கொண்டு வருவினமே, அவைக்கு நல்லாப் பொருந்துற பேர். அதுக்கு நாங்கள் சொல்லுறது 'சீஸ் பண்ணிட்டாங்கள்' எண்டு, அதுவும் பிரெஞ்சு வழியா வந்ததுதான், அந்தக் காலத்துக் காணி உரிமைச் சட்டத்தில புழங்கின சொல்லு, அதாலதான் இண்டைக்கும் அதில ஒரு கோடு கச்சேரி வாசம் இருக்கு. எஞ்சின் ஒயில் இல்லாமல் இறுகினாலும் சீஸ் எண்டுதான் கராஜ்காரர் சொல்லுவினம், அதுவும் சரியான இங்கிலிஷ்தான், ஒருத்தரும் வெக்கப்படத் தேவையில்லை.

இறந்தகாலத்தில ஏன் கோட் எண்டு வருது, கட்ச்ட் எண்டு வராது எண்டு ஒரு பிள்ளை கேட்டவ, நல்ல கேள்வி. பிரெஞ்சில இருந்து வந்த வினைச்சொல்லுகள் கிட்டத்தட்ட எல்லாம் ஒழுங்காக் கடைசியில ஒரு 'ட்' போட்டுக் கொண்டு போகும். அந்தக் காலத்தில இதே கருத்தில லட்ச் எண்டு சொந்த இங்கிலிஷ் சொல்லு ஒண்டு இருந்தது, அதின்ர இறந்தகாலம் கோட் மாதிரியே ஒலிக்கும், வந்த சொல்லு அதைப் பாத்து அப்பிடியே பழகிட்டுது. பழைய புத்தகங்களில கட்ச்ட் எண்டும் இருக்கும், அதை இப்ப சோதினையில எழுதிப்போட்டு வந்து என்னோட சண்டைக்கு வரக்கூடாது.

பஸ்ஸில ஒரு நுணுக்கம் இருக்கு. பருத்தித்துறை பஸ்ஸை ஓடிப்போய் ஏறிப் பிடிச்சா கட்ச், அஞ்சரைக்கு வெளிக்கிடுற பஸ்ஸைப் பிடிக்கோணும் எண்டாலும் கட்ச், ஏனெண்டா நேரம் தப்பினா அது போயிடும். ஆனா நான் நெடுக பஸ்ஸிலதான் வேலைக்குப் போறனான் எண்டு சொல்லேக்க டேக், அங்க ஒருத்தரும் ஓடேல்ல. எதிர்ச்சொல்லும் வேற வேற, பஸ்ஸை விட்டா மிஸ், பந்தை விட்டா ட்ரொப். நாங்கள் ரெண்டுக்கும் 'விட்டிட்டான்' எண்டு ஒரேயடியாச் சொல்லிப்போட்டுப் போயிடுவம்.

பந்து எண்டு சொன்னாப் பிறகு கிரிக்கெட்டை விட ஏலாது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல இருந்து ஆடுற வடக்கின் பெரும்போருக்குப் போன ஆக்களுக்குத் தெரியும், பந்து மேல எழும்பின உடன தகரமும் பாண்டும் எல்லாம் அப்பிடியே ஒருக்கா நிண்டு போகும், ஆயிரம் வாய் ஒரே நேரத்தில 'கட்ச்!' எண்டு கத்தும். அந்தக் கத்தலுக்கு இறந்தகாலம், எதிர்காலம், எழுவாய் ஒண்டும் தேவையில்லை. எங்கட பேப்பரில பிடி இன்னார், பந்து இன்னார் எண்டு போடுவினம். 2010 ஜூலையில காலியில முரளி தன்ர கடைசி டெஸ்டில 800ஆவது விக்கெட் எடுத்தது அப்பிடித்தான், பிரக்யான் ஓஜா, பிடி மஹேல, பந்து முரளி. முரளியின்ர பந்துக்கு மஹேல மட்டும் டெஸ்டில 77 பேரைப் பிடிச்சிருக்கிறார், விக்கெட் காப்பாளர் இல்லாத ஒரு ஆளுக்கு அது பெரிய விசயம். அவர் ஸ்லிப்பில நிக்கிற மாதிரியைப் பாத்தா நித்திரை கொள்ளுற ஆள் மாதிரி இருக்கும், பந்துதான் ஓடி வந்து அவற்ர கையுக்க விழும்.

ஆனா எனக்குப் பிடிச்சது கிரிக்கெட் சட்டப் புத்தகத்தில கட்சுக்குச் சொல்லுற விளக்கம். பந்து கையில பட்ட உடன அது கட்ச் இல்லை. பிடிக்கிற ஆள் பந்தையும் முழுக்கக் கட்டுப்படுத்தோணும், தன்ர உடம்பின்ர ஓட்டத்தையும் கட்டுப்படுத்தோணும், ரெண்டும் நிண்டாப் பிறகுதான் பிடி முடிஞ்சுது எண்டு கணக்கு. 1999 உலகக் கிண்ணத்தில தென்னாபிரிக்காவின்ர கிப்ஸ், அவுஸ்திரேலியாவின்ர ஸ்டீவ் வோ அடிச்ச பந்தை வடிவாப் பிடிச்சிட்டு, சந்தோசத்தில உடன மேல எறியப் போய்க் கை நழுவி விட்டிட்டார், அவுட் இல்லை எண்டாச்சு, வோ நிண்டு 120 அடிச்சிட்டுப் போனார். நான் வகுப்பில 'ஆர் ஓடினது' எண்டு கேக்கிறதுக்குச் சட்டப் புத்தகமே சாட்சி சொல்லுது, பாருங்கோ, ஓடினது நிக்கோணும்.

எங்கட ஒழுங்கைச் சட்டம் வேற. ஒருக்கா நிலத்தில குத்தி வாறதை ஒரு கையால பிடிச்சாலும் அவுட், அடுத்த வளவுக்குள்ள அடிச்சாலும் அவுட், அங்க போய் பந்து எடுக்கிறவன் நாயிட்ட அம்பிட்டா அது அவன்ர பாடு.

பாடு எண்டோண்ண மீன் ஞாபகம் வருது. பாசையூர்ப் பக்கம் விடியவில 'இண்டைக்குப் பாடு எப்பிடி' எண்டு கேப்பினமே, அந்தப் பாடுக்கு இங்கிலிஷில கட்ச் எண்டே பேர், வலையில பட்ட முழு மீனும் சேத்து ஒரு கட்ச். களப்பில சிறகுவலை கட்டியிருப்பினம், கம்பு நட்டு நட்டு, அங்க வலை அசையாது, மீன்தான் நீந்தி வந்து உள்ளுக்குப் போய் வெளிய வரத் தெரியாமல் நிக்கும். அதுக்கும் கட்ச்தான், ஏனெண்டா ரெண்டில ஒரு பக்கம் ஓடினாக் காணும். கடற்பக்கம் செய்தி வாசிக்கேக்க இதைக் கவனியுங்கோ. நெடுந்தீவுக் கடலில இந்திய இழுவைப் படகு பிடிபட்டது எண்டு நாங்கள் ஒரு சொல்லில முடிச்சிடுவம், இங்கிலிஷ் பேப்பரில மீனவர் அரெஸ்ட், படகு சீஸ், படகுக்குள்ள கிடந்த மீன் கட்ச், மூண்டுக்கும் மூண்டு சொல்லு. மனிசருக்கு ஒண்டு, சாமானுக்கு ஒண்டு, மீனுக்கு ஒண்டு.

வருத்தத்துக்கு வந்தா உலகம் தலைகீழாப் போகுது. எங்களைத் தடிமன் பிடிக்கும், அவை தடிமனைப் பிடிப்பினம். 'ஐ கோட் எ கோல்ட்'. இங்க எழுவாய் மாறுறதைக் கவனிக்காமல் 'கோல்ட் கோட் மீ' எண்டு எழுதுற பிள்ளையள் கனபேர். எல்லா வருத்தத்துக்கும் கட்ச் போடவும் ஏலாது, தொத்துறதுக்குத்தான். கொப்பளிப்பானுக்குப் போடலாம், கூகைக்கட்டுக்குப் போடலாம், ஆனா அப்பப்பாவுக்குச் சீனி வருத்தம் எண்டா 'கோட்' எண்டு எழுதப்படாது, அது ஒருத்தரிட்டயும் இருந்து ஓடி வரேல்ல, 'ஹஸ்' எண்டு எழுதினாக் காணும். விசர் பிடிச்சது, பேய் பிடிச்சது, சனியன் பிடிச்சது, இதுகளை இங்கிலிஷில சொல்ல வெளிக்கிட்டாப் பொழுது போயிடும், நான் விட்டிட்டன்.

மூச்சையும் சொல்லோணும், இதில எல்லாரும் வழுக்குவினம். கீரிமலைக் கேணியில பெடியள் மதிலில நிண்டு குதிச்சுத் தண்ணிக்குக் கீழ மூச்சைப் பிடிச்சுக் கொண்டு இருப்பாங்கள், அது ஹோல்ட். மேல வந்து படியில குந்தி, நெஞ்சு ஏறி இறங்க ஏறி இறங்க வாயால இழுத்து இழுத்து, கதைக்கவும் ஏலாமல் கையைக் காட்டிப் 'பொறு' எண்டுவாங்களே, அதுதான் கட்ச். ஓடின மூச்சைத் திரும்பப் பிடிக்கிறது. தமிழில 'மூச்சைப் பிடிச்சு' எண்டா முதலாவது, இங்கிலிஷில 'கட்ச் யோர் ப்ரெத்' எண்டா ரெண்டாவது, ரெண்டும் நேர் எதிர்.

கொஞ்ச நாளைக்கு முதல் ஒரு அம்மா கடிதம் ஒண்டு கொண்டு வந்தவ. வெளிநாட்டில இருந்து வந்த ஆக்களிட்டக் குடுக்கிறதுக்கு, காணாமல் போன மகனைப் பற்றி. தமிழில அவ சொல்லச் சொல்லப் பேரன் போனில இங்கிலிஷ் ஆக்கியிருக்கிறான், பிழை பாத்துத் தா பிள்ளை எண்டா. முதல் வரியே 'மை சன் வோஸ் கோட் இன் 1996' எண்டு இருந்தது. இலக்கணத்தில ஒரு பிழையும் இல்லை. ஆனா இங்கிலிஷில ஒரு மனிசனை ஒண்டும் சேக்காமல் 'கோட்' எண்டு மட்டும் சொன்னா அவன் ஓடியிருக்கோணும், இல்லாட்டி ஏதோ செய்து அம்பிட்டிருக்கோணும், கள்ளன் மாதிரி ஒரு நிறம் அதில ஒட்டிக் கொள்ளும். நான் இதைச் சொல்ல அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, 'அவன் ஓடேல்லைப் பிள்ளை, இஞ்ச வா எண்டு கூப்பிட்டவை, சைக்கிளை உருட்டிக் கொண்டு கிட்டப் போனவன்' எண்டா. 'டேக்கன் அவே' எண்டு மாத்தினம். சைக்கிள் உருட்டிக் கொண்டு போனதையும் எழுது எண்டா, எழுதினம். எங்கட ஊரில 'பிடிச்சுக் கொண்டு போட்டினம்' எண்டா அதுக்குள்ள குற்றம் எண்ட கதையே இல்லை, எல்லாருக்கும் விளங்கும், வெளியில இருந்து வாசிக்கிற ஆளுக்கு அப்பிடி விளங்காது. இப்பிடிக் கடிதங்கள், வாக்குமூலங்கள் எழுதிக் குடுக்கிற ஆக்கள் கனபேர் இருக்கினம், தயவுசெய்து இந்த ஒரு இடத்தைப் பாத்து எழுதுங்கோ. மற்றது, கட்சோட 'இன்' சேந்து, அதுக்குப் பிறகு வருசம் இல்லாமல் மழை, சூடு மாதிரி ஆளை மாட்டுப்படுத்திற ஒண்டு வந்தா அந்த நிறம் போயிடும், மழையில மாட்டுப்பட்டவன் 'கோட் இன் த ரெயின்', ரெண்டு பக்கச் சூட்டுக்கு நடுவில மாட்டுப்பட்ட சனம் 'கோட் இன் த க்ரொஸ்ஃபயர்', அதில ஒரு பிழையும் அவையின்ர தலையில விழாது.

காதுக்கும் கட்ச் வரும். லண்டனில பிறந்த மருமக்கள் போனில கதைக்கேக்க எனக்கே பாதி விளங்காது, அப்ப 'வட்? வட்?' எண்டு கத்தாமல் 'சொறி, ஐ டிட்ன்ட் கட்ச் தட்' எண்டு சொன்னா மரியாதையா இருக்கும், பிழை அவையிட்டயும் இல்லை, என்னட்டயும் இல்லை, சொல்லுதான் ஓடிப்போட்டுது எண்ட மாதிரி. ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலிஷ் சோதினை எழுதப் போற ஆக்களுக்கு இது நல்லா விளங்கும், லிஸனிங்கில 40 கேள்வி, ஒருக்காத்தான் போடுவினம், திருப்பிப் போட மாட்டினம், விட்டா விட்டதுதான். ஆளிட்டப் பேர் கேட்டு விளங்காட்டியும் 'ஐ டிட்ன்ட் கட்ச் யோர் நேம்' எண்டு கேளுங்கோ, அந்தரப்படத் தேவையில்லை. மெதுவா விளங்கிக் கொள்ளுறதுக்குக் கட்ச் ஒன், எங்கட 'இப்பதான் பிடிபட்டுது' மாதிரியே. பிந்தின பாடத்தை எட்டிப் பிடிக்கிறதுக்குக் கட்ச் அப், கனநாளாக் காணாத சிநேகிதியோட இருந்து ஊர்ப் புதினம் கதைக்கிறதுக்கும் கட்ச் அப்.

கேள்விக்கு அடங்காத ஒண்டு இருக்கெண்டு சொன்னனான் எல்லே. யன்னல் கொளுக்கிக்கும் கட்ச் எண்டு பேர், சேட் முள்ளுக்கம்பியில கொளுவினாலும் கட்ச், அதில ஆவது யன்னல் ஆடுது, ஆள் நடக்கிறார் எண்டு சமாளிக்கலாம். 'வட்ஸ் த கட்ச்?' எண்டா என்ன செய்யிறது? ஒண்டு சும்மா கிடைக்குது, சரியான மலிவா இருக்கு, அப்ப உதுக்குள்ள என்ன குத்து ஒளிச்சிருக்கு எண்டு கேக்கிறது. இங்க எங்களைத்தான் எதுவோ பிடிக்கப் பாக்குது, நாங்கள்தான் ஓடுற ஆக்கள், அப்பிடி யோசிச்சாச் சரிவரும் போல கிடக்கு. வட்டியில்லாமல் ஃப்ரிட்ஜ் தாறம் எண்டா அதைக் கேக்கோணும். காசு ஒண்டும் முதல் வேண்டாம், விசா வந்தாப் பிறகு பாப்பம் எண்டு ஏஜென்சி சொன்னா ரெண்டு தரம் கேக்கோணும், கேட்டுப்போட்டு எழும்பி வரவும் வேணும்.

ஆனா அதே சொல்லுக்கு நல்ல வரன் எண்டும் கருத்து இருக்கு, அதுதான் பகிடி. 'ஹீ இஸ் எ குட் கட்ச்' எண்டா மாப்பிள்ளை உத்தியோகம், வீடு வாசல் எல்லாம் பொருந்தி வந்த ஆள். போன மாசம் வகுப்பில ரெண்டு கருத்தையும் பலகையில எழுதிப்போட்டு ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கோ எண்டன். பின் வாங்கில இருக்கிற பெட்டை, அவவுக்கு அப்பதான் புரோக்கர் ஒரு கனடா சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார், சீதனம் வேண்டாமாம், காணி வேண்டாமாம், கல்யாணச் செலவும் மாப்பிள்ளை பக்கமாம், எழும்பி நிண்டு சொன்னா, 'ரீச்சர், ஹீ இஸ் எ குட் கட்ச், பட் வட்ஸ் த கட்ச்?'

முழு மார்க் குடுத்தன். கட்ச் என்னெண்டு போன கிழமைதான் பெரியம்மா விசாரிச்சுக் கண்டுபிடிச்சவ, அவருக்கு அங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு இன்னும் பிஆரே கிடைக்கேல்லையாம்.